தனுஷ்கோடி: அலைக்கு முன் சுவரை அளவெடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனுஷ்கோடியை மெய்நிகர் காட்சியாக்க நினைக்கும் டிஜிட்டல் கலைஞர்கள் பலருக்கும் கண்முன் முதலில் வருவது ஊரைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 இரவுதான். அலை எழும், ரயில் மூழ்கும், திரை இருளும். அந்த அலையைக் கணினியில் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அங்கே இடிந்து நிற்கும் தேவாலயத்தின் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவர் அப்படியல்ல. உப்புக் காற்றில் சாந்து உதிர்ந்துகொண்டே இருக்கிறது. நிற்கும்போதே அளவெடுத்தால்தான் உண்டு.

அதற்குச் சாதாரணக் கேமரா போதும். பல கோணப் படங்களை இணைத்து முப்பரிமாண வடிவம் எடுக்கும் போட்டோகிராமெட்ரியில், அடுத்தடுத்த படங்கள் 70 முதல் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். ஜூமைத் தொடவே கூடாது. முழங்கால், நெஞ்சு, தலைக்கு மேல் என மூன்று உயரத்தில் சுவரைச் சுற்றி வாருங்கள். மூலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: நின்ற இடத்திலிருந்து கேமராவை மட்டும் திருப்பினால் ஆழம் கிடைக்காது, மென்பொருளில் சுவர் இரண்டாகப் பிரியும். காலை நகர்த்த வேண்டும். காட்சிக்குள் 1 மீட்டர் அளவுகோல் ஒன்று இருக்கட்டும். இல்லாவிட்டால் மெய்நிகர் காட்சியைப் பார்க்க விஆர் கண்ணாடி மாட்டும் பாட்டிக்குத் தெரிந்த வாசல் பொம்மை வீட்டு வாசலாகிவிடும்.

உச்சி வெயிலில் எடுத்தால் நிழல் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், வெண்மணல் வெளுத்துப்போகும். மேகமூட்டமான காலை நல்லது, சுற்றுலா வண்டிகளும் அப்போது குறைவு. கடல் நீர் அசைவதால் படங்கள் பொருந்தாது. படங்களில் அந்தப் பகுதியை மென்பொருளில் மறைத்துவிடுங்கள். லென்ஸில் படியும் உப்பை உலர்துணியால் தேய்த்தால் கீறும். முதலில் ஊதி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எல்லைப் பகுதி என்பதால் அனுமதியில்லாமல் ட்ரோனை எடுக்காதீர்கள். நீளமான கம்பின் நுனியில் கேமராவைக் கட்டினாலே சுவரின் மேல்விளிம்பு கிடைக்கும்.

ஒலியை மறக்கிறார்கள். தெற்கே ஆண்கடல் எனப்படும் மன்னார் வளைகுடா, வடக்கே பெண்கடல் எனப்படும் பாக் நீரிணை. இரண்டின் இரைச்சலும் ஒன்றல்ல. தனித்தனியே பதிந்து அந்தந்தத் திசையில் வைத்தால், எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்பது ஊர்க்காரருக்குக் காதிலேயே தெரிந்துவிடும்.

விஆர் கண்ணாடியில் நொடிக்கு 72 ஃபிரேமுக்குக் கீழே இறங்கினால் தலைசுற்றும். அதனால், முப்பரிமாண வடிவத்தின் பரப்பை உருவாக்கும் கோடிக்கணக்கான முக்கோணங்களைச் சில லட்சமாகக் குறைத்துவிடுங்கள். பெரியவர்களை நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டுங்கள். காட்சியே நகர்ந்து போகும் வித்தையெல்லாம் அவர்களுக்கு வேண்டாம்.

கூரை போன இடத்தைச் செயற்கை நுண்ணறிவால் நிரப்புவது இப்போது எளிது. அது எங்கோ பார்த்த கூரையைக் கொண்டுவந்து வைக்கும். அந்த இடம் வெறும் புள்ளிகளாகவே இருக்கட்டும், அங்கே வாழ்ந்தவர் குரல் ஒலிக்கட்டும். புயலன்று பத்து வயதில் இருந்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவரை அந்த இடத்துக்கே அழைத்துச் சென்று, "புயல் எப்படி இருந்தது" என்று கேட்காமல், அடுப்படி எந்தப் பக்கம், தண்ணீர்க் குடம் எங்கே இருந்தது, ரயில் சத்தம் எந்தச் சன்னல் வழியாக வரும் என்று கேளுங்கள். அந்தப் பதில்களை வைத்து அறையையே வரைந்துவிடலாம்.

வேலை முடிந்ததும் முடிவுக் காட்சியோடு, திருத்தாத மூலப் படங்களின் ஒரு பிரதியையும் இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் அரண்மனையில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகம் வாங்கி வைக்க அரசு வழிசெய்ய வேண்டும். நாளை வரும் மென்பொருள் அதே படங்களிலிருந்து இன்னும் துல்லியமான சுவரை எடுக்கும்.

இப்படிக்கு,
காட்சிப் பதிவுப் பணியாளர்கள் சிலர்,
இராமேசுவரம்.