பேனிக் வரிக்கு மேலே பார்

சுங்கை சிப்புட்
ஞாயிறு மாலை

அன்பு நண்பா,

நலம்தானே? உன் கடிதமும், நீ புலனத்தில் அனுப்பிய திரையின் படமும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. தோட்டத்துக்குப் போனால்தான் மனசு கேட்கவில்லை. லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. நம் வயசுப் பிள்ளைகள் ஈப்போ, பினாங்கு என்று போய்விட்டார்கள். நாம் ஓடித் திரிந்த பால்மரக் காடு முழுக்கச் செம்பனை ஆகிவிட்டது.

சரி, உன் மடிக்கணினிக்கு வருகிறேன். நீயே மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து உருவாக்கிய புதிய கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, ஏறாமல் நின்றுவிட்டது; எல்லாவற்றையும் அழித்துவிட்டு உபுண்டு லினக்ஸை மறுபடி போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. உன் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பழைய கெர்னலும் வட்டில் அப்படியே இருக்கிறது. கணினியைத் திறந்தவுடன் எஸ்கேப் விசையைத் தட்டி, எந்தக் கெர்னலை ஏற்றுவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவுக்குப் போ. 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் பழைய கெர்னல் இருக்கும். அதில் ஏறி உள்ளே போய்விடலாம். புதியது ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் அந்தப் பழையதை மட்டும் தொடாதே.

இப்போது அந்தப் படம். கெர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுவிட்டது என்று சொல்லும் 'கெர்னல் பேனிக்' வரி உன்னைப் பயமுறுத்திவிட்டது. எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. கிரப் தன் வேலையை முடித்து, நீ கம்பைல் செய்த கெர்னல் உயிரோடு எழுந்து, லினக்ஸ் இருக்கும் ரூட் பகிர்வைத் (வட்டின் அந்தப் பகுதியைத்) தேடும் இடம் வரை வந்திருக்கிறது. அங்கேதான் நின்றுவிட்டது. 'அன்னோன் பிளாக் 0,0' என்று எழுதியிருக்கிறது பார், எந்தப் பகிர்வை ஏற்றுவது என்றே அதற்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் 8,1 என்றோ 259,2 என்றோ இருந்தால் கதையே வேறு. முதல் எண் வட்டின் வகையைச் சொல்லும்: 8 என்பது சாட்டா போன்ற வட்டு, 259 பெரும்பாலும் என்விஎம்இ வட்டு. அப்படி இருந்தால், பகிர்வு கிடைத்துவிட்டது, அதிலுள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைப் படிக்கத்தான் வழியில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

பேனிக் வரிக்குச் சற்று மேலே, தன் கண்ணுக்குத் தெரிந்த பகிர்வுகளையெல்லாம் கெர்னல் வரிசையாகப் போட்டிருக்கிறது. உன் என்விஎம்இ பகிர்வுகள் அத்தனையும் அதில் இருக்கின்றன. அதனால் வட்டுக்கான டிரைவர் இருக்கிறது, அதை நீ கெர்னல் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில் தேட வேண்டியதே இல்லை.

பிறகு ஏன் 0,0? கிரப் கொடுக்கும் வரியில் ரூட் பகிர்வு யூயூஐடி என்ற அடையாள எண்ணால் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் கோப்பு முறைமைக்குள்ளே எழுதப்பட்டது. கெர்னலுக்கு, பகிர்வு அட்டவணையில் இருக்கும் பார்ட்யூயூஐடி தெரியும், யூயூஐடியைத் தானாகத் தேடத் தெரியாது. தேடிக் கொடுப்பது, கெர்னலோடு சேர்ந்து நினைவகத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற கோப்பு. ரூட்டைத் திறக்கத் தேவையான மாட்யூல்களும் (தனியே ஏற்றும் கெர்னல் துண்டுகளும்) அதில்தான் வரும், இல்லாவிட்டால் பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த மாதிரி ஆகிவிடும். புதிய கெர்னலுக்கு அந்தக் கோப்பு உருவாகவே இல்லை என்பதுதான் என் சந்தேகம்.

கெர்னலும் இந்தக் கோப்பும் இருக்கும் பூட் அடைவைச் சின்னத் தனிப் பகிர்வாக வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அங்கே இடம் இருக்கிறதா என்று முதலில் பார். உபுண்டுவின் கெர்னல் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கை நகலெடுத்துக் கம்பைல் செய்தால், பிழை தேட உதவும் டீபக் தகவலும் கூடவே வரும். மாட்யூல்கள் ஊதிப்போய், இனிட்ராம்எஃப்எஸ் நூற்றுக்கணக்கான எம்பி ஆகிவிடும். இடம் போதாமல் அது பாதியில் நின்றிருக்கலாம். எச்சரிக்கை வந்திருந்தாலும் ஓடும் எழுத்துகளுக்கு நடுவே யார் கண்ணில் படும்?

பழைய கெர்னலில் ஏறி, முன்பு நீ கம்பைல் செய்து பார்த்துக் கைவிட்ட கெர்னல்களின் மிச்சங்களைப் பூட் பகிர்விலிருந்து நீக்கு. மாட்யூல்களை நிறுவும்போது 'இன்ஸ்டால் மாட் ஸ்டிரிப்' என்பதை 1 என்று வை, டீபக் பாரம் கழன்றுவிடும். அப்புறம் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை ஓட்டு, கடைசியாக அப்டேட்-கிரப். மறுபடி ஏற்றும்போது கிரப்பில் இ விசையை அழுத்தி செய்திகளை மறைக்கும் 'குவையட் ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிடு. எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் அடுத்து என்ன செய்வதென்று தெரியும்.

இன்னொன்று. தேவையில்லாத மாட்யூல்களை விட்டுவிடும் லோக்கல்மாட்கான்ஃபிக் கட்டளையைப் போட்டுக் கெர்னலைச் சின்னதாக்கும் எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களைத்தான் அது வைத்துக்கொள்ளும். பென்டிரைவ், பிரிண்டர், வெளித்திரை எல்லாவற்றையும் செருகிவிட்டு ஓட்டு.

பழைய கணினிகள் இரண்டு மூன்றை லினக்ஸ் போட்டுத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று போன தடவை பேசினோமே, அந்த ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது உன் மடிக்கணினியையும் எடுத்து வா. அதற்குள் பூட் பகிர்வில் எவ்வளவு இடம் இருந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்