அப்பாவுக்கு, சனிக்கிழமைக் கடையைப் பற்றி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். காப்பிப் பழம் எடுக்க ஆள் கிடைத்தார்களா, இல்லை இந்த வருஷமும் அம்மாவே கூடையைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிட்டாளா?

சனிக்கிழமை எங்கே போகிறாய், சம்பளம் எவ்வளவு என்று போனில் கேட்டீர்கள். சம்பளம் கிடையாது, சொன்னால் திட்டுவீர்கள் என்றுதான் பேச்சை மாற்றினேன். ஜெர்மனியில் பல ஊர்களில் ‘வெல்ட்லாடன்’ என்று சின்னக் கடைகள் இருக்கின்றன, உலகக் கடை என்று அர்த்தம், நாடு முழுக்க 900 தேறும். சிறு விவசாயிக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கும் ‘ஃபேர்டிரேட்’ முறைச் சரக்கை விற்கும் கடைகள். எங்கள் ஊர்க் கடையை ஒரு சங்கம் நடத்துகிறது, உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் ஓய்வுபெற்ற டீச்சரம்மாக்கள். காப்பி, தேயிலை, சாக்லேட், கூடை எல்லாம் விற்போம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் மேசை போட்டு, பிளாஸ்கிலிருந்து சின்னக் கப்பில் காப்பி ஊற்றிக் கொடுத்து, இதை யார் விளைவித்தார்கள், அவர்களுக்கு என்ன விலை கிடைத்தது என்று நின்று பேசுவதும் எங்கள் வேலைதான். பாதிப் பேர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அது கிடக்கட்டும்.

நான் இதில் ஒட்டிக்கொண்ட காரணத்தைச் சொல்கிறேன். முதல் நாள் உள்ளே போனபோது கல்லாவுக்குப் பின்னால் வெயிலில் மஞ்சளடித்த ஒரு படம் தொங்கியது, வருஷவாரியாகக் காப்பி விலை. நியூயார்க் சந்தை விலை ஏறி இறங்கி, 2001-ல் பவுண்டுக்கு (அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை) 50 சென்டுக்கும் கீழே விழுகிறது. அதற்கு மேலே இன்னொரு கோடு விழாமல் நேராகப் போகிறது, 1.26 டாலர், ஃபேர்டிரேட் முறையில் விவசாயிகளின் கூட்டுறவுகளுக்குக் கொடுத்த விலை. 2001 உங்களுக்கு மறக்காது. வியாபாரி மூட்டையை எடைபோட்டு, ஈரம் என்று இரண்டு கிலோ கழித்து, அமெரிக்காவிலேயே விலை விழுந்துடுச்சு நான் என்ன பண்ண என்று சொல்லிவிட்டுப் போனாரே, அந்த வருஷம்தான் அம்மா தோடு வத்தலக்குண்டு அடகுக்கடைக்குப் போனது. அவர் சொன்னது பொய்யில்லை அப்பா. ஆனால் அதே வருஷம் மெக்ஸிகோ மலையில் நம்மைப் போல இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்த சில பேருக்கு அந்த விழுந்த விலை கணக்கில்லை. அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

இப்போது அந்த அடிவிலை, அதாவது இதற்குக் கீழே போகக் கூடாது என்ற விலை, கழுவிப் பதப்படுத்திய அரபிகா காப்பிக்கு, பவுண்டுக்கு 1.80 டாலர், கிலோவுக்கு ஏறக்குறைய 4 டாலர். சந்தை அதற்கு மேலே போனால் சந்தை விலையே கொடுக்க வேண்டும். அதற்கும் மேல் பவுண்டுக்கு 20 சென்ட் கூட்டுறவுக்குத் தனியாக வரும், அதைக் கிணற்றுக்கா பள்ளிக்கூடத்துக்கா என்று உறுப்பினர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். நீங்கள் கேட்கப்போவது தெரியும், 2025 பிப்ரவரியில் சந்தையே பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியதே, அப்போது இது எதற்கு என்று. சரியான கேள்வி. அந்த மாதிரி நேரத்தில் கூட்டுறவு திண்டாடிப்போகும், வாசலில் கைக்காசு நீட்டும் வியாபாரிக்கே விவசாயி மூட்டையைப் போட்டுவிடுவார். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். இது விழும் வருஷத்துக்கான ஏற்பாடு.

நமக்குக் கிடைக்குமா என்றால், தனியாளாகக் கிடைக்காது. சிறு விவசாயிகள் சங்கமாகச் சேர வேண்டும், சோதனைக்குப் பணமும் கட்ட வேண்டும், மூட்டையிலும் பாக்கெட்டிலும் போடும் ஃபேர்டிரேட் முத்திரைக்கான தணிக்கை நிறுவனம் இங்கே ஜெர்மனியில் பான் நகரத்தில் இருக்கிறது. கட்டணம் சின்னச் சங்கத்துக்குப் பாரம்தான், எனக்கே அது உறுத்துகிறது. தாண்டிக்குடியில் நம் பக்கத்து நாலு தோட்டக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்வார்களா என்பது வேறு விஷயம்!

கடையில் போன வாரம் ஒரு சண்டை. 1992-லிருந்து அந்த முத்திரைக்கென்று இங்கே தனி அமைப்பு வந்து, சூப்பர் மார்க்கெட்டிலும் சரக்கு கிடைக்கிறது. அதுதானே நம் வெற்றி என்கிறார் ஒரு பாட்டி. நம் வாடிக்கையாளர் எல்லாம் அங்கே போனால் வாடகை யார் கட்டுவது என்கிறார் பொருளாளர். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. தட்டு கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம், பார்சலில் கால் கிலோ மெக்ஸிகோ காப்பித்தூள் வைத்திருக்கிறேன். சிக்கரி இல்லை, அதனால் டிகாஷன் மெலிசாக இருக்கிறது என்று அம்மா குறை சொல்வாள், ஒரு ஸ்பூன் கூடப் போடச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் பால் கலக்காமல் ஒரு வாய் குடித்துப் பார்த்து, நம் மலைக் காப்பிக்குப் பக்கத்தில் நிற்குமா என்று எழுதுங்கள். பாட்டிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

உங்கள் சின்ன மகள்