முற்றத்து வெயில்

அன்புள்ள தேன்மொழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. கொல்லைத் தென்னையில் வண்டு விழுந்துவிட்டது. மூன்று ஞாயிறாக நீ கேமராவை அணைத்துவிட்டே பேசுகிறாய். நெட் சரியில்லை என்கிறாய். சரி.

அதற்கு முந்தைய ஞாயிறு உன் மேஜை தெரிந்தது. வெள்ளையாகப் பலகை போல ஒரு விளக்கு. பக்கத்தில் மாத்திரை அட்டை, நான்கு குழி காலி. நான் எதுவும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

முப்பது வருடம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவள் நான். வெளிச்சத்தை லக்ஸில் அளப்போம். நம் கூடத்து டியூப்லைட் 300 லக்ஸைத் தாண்டாது. வாசலில் சித்திரை மதிய வெயில் 1 லட்சத்தைத் தொடும். அந்த மாதிரி விளக்குகள் 10,000 லக்ஸ் என்று படித்தேன். காலையில் அரை மணி நேரம் உட்கார், அதையே உற்றுப் பார்க்காதே. இரவில் வேண்டாம், தூக்கம் கெடும். ஹெல்சிங்கியில் இந்த மாதம் ஒன்பதேகாலுக்கு மேல் விடிந்து மூன்றேகாலுக்குள் இருட்டிவிடுகிறது என்றால் யாருக்குத்தான் தாங்கும்? குளிர்கால மனச்சோர்வை 1984-இல் விவரித்து எழுதிய மனநல மருத்துவர் ரோசென்தாலே தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போனவர்தான். அங்கே குளிர்காலத்தில் தான் சோர்ந்துபோனதைக் கவனித்தவர். சோம்பேறி என்று யாராவது சொன்னால் இதைச் சொல். முதலில் சொன்னது நான்தான், தெரியும்.

மதியம் வெளியே நட. மேகமாக இருந்தாலும் அறையைவிட வெளிச்சம் அதிகம். அந்த ஃபின்லாந்துப் பெண் சௌனாவுக்கு, அந்த வெந்நீராவிக் குளியலுக்கு, கூப்பிட்டால் போ. இங்கே இரண்டு நாள் கதவு திறக்காவிட்டால் பால்காரர் சத்தம் போடுவார். அங்கே யார் தட்டுவார்கள்? அதற்கு விளக்கு உதவாது. காலையில் உட்கார்கிறாய் அல்லவா?

மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்தாதே. டாக்டரிடம் கேட்டுச் செய்.

உன் பப்ளிக் பரீட்சைக்காகத் தெற்கு அறையை அத்தையிடமிருந்து வாங்கி, அவளை நெல் அறையில் படுக்க வைத்தேன். அதற்கு ஜன்னல் கிடையாது. பகலெல்லாம் மடியில் முறத்தோடு, முற்றத்தில் வெயில் நகர நகர நாற்காலியை இழுத்துக்கொண்டே போவாள். கல்தரையில் அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருக்கும். "குளிர் பிரதேசத்து ராணியா நீ?" என்று கத்தியிருக்கிறேன். மாத்திரை தூங்க வைக்கிறது, வீட்டு வேலை நடக்கவில்லை என்று, திருச்சி டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தியதும் நான்தான். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

நீ அந்த அறையில் படித்துத்தான் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தாய். பேப்பரில் வந்த படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அறையைக் கேட்டது நீ இல்லை, நான்.

நாரத்தங்காயும் வடகமும் அனுப்பியிருக்கிறேன். வடகம் கொஞ்சம் நமத்த மாதிரி இருந்தால் மறுபடி காய வைக்க முடியாதே உன்னால், வெறும் வாணலியில் சூடு காட்டி எடுத்து வை. இங்கும் பத்து நாளாக மழை, வெயிலே இல்லை.

அம்மா