காணாமல் போன புள்ளியும் ஃபைல் வேலைக் கட்டணமும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

ஐயாமார், அம்மாமார், அண்ணன் தம்பிகள் எல்லாருக்கும் வணக்கம்.

இரண்டு வாரமாக வைபரில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரங்கூனில் நம் ஆட்களில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். தேக்குப் பலகை, நல்ல பாலிஷ், ஓரத்தில் கொடி வேலை, நடுவில் ‘அனபு இல்லம்’. ‘ன்’ எழுத்துக்கு மேலே புள்ளி இல்லை. பலகை நம் கடையில், கணினி ஓட்டுகிற மெஷினில் செதுக்கியதுதான், இல்லை என்று சொல்லப் போவதில்லை. புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவதற்கு முதல் நாள்தான் வீட்டுக்காரர் பிரித்துப் பார்த்திருக்கிறார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். வேறு பலகையில் மறுபடி செதுக்கி, காசு வாங்காமல் கொடுத்தேன். அவரும் பெரிய மனதோடு டீ கொடுத்துத்தான் அனுப்பினார்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் படத்துக்குக் கீழே யாரோ ஒருவர், ‘கடைக்காரருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது போல’ என்று போட்டுவிட்டார். அதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள்!

விலை அதிகம் என்று சொல்லுங்கள், தாமதம் என்று திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இதை மட்டும் கேட்டுக்கொள்ள முடியவில்லை. தமிழ்ப் பள்ளிகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு இந்த ஊரில் பிறந்தவன் நான். கோவில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்து உட்கார்ந்துதான் தமிழ் படித்தேன். ஒரே பாடப் புத்தகத்தை நாலு பேர் எட்டிப் பார்த்துப் படித்த காலம். அப்பா பிரஷ்ஷால் பெயர்ப்பலகை எழுதியவர். எழுத்தெல்லாம் முடித்த பிறகுதான் புள்ளிகளை வைப்பார். எல்லாவற்றையும் வைத்ததும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வாய்விட்டு எண்ணுவார். மை ஈரமாக இருக்கும்போதே தொட்டதால், பலகையைக் கொடுக்கும்போது அவர் விரல் நுனியிலும் புள்ளி இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைக்கா ‘ன’வுக்கும் ‘ன்’னுக்கும் வித்தியாசம் தெரியாது? சரி, விடுகிறேன்.

புள்ளி எங்கே போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். டிசைன் வாடிக்கையாளர் கொடுத்தது. அவருக்கு யாரோ செய்து கொடுத்திருக்கிறார்கள், அது யார் தவறு என்று நான் பேசவில்லை. திரையில் பார்த்தால் புள்ளி கருப்பாக, வட்டமாக, ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒரு வட்டம் இல்லை. ஒன்றின் மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்த இரண்டு வட்டம். நம் கண்ணுக்குத் தெரிகிற கருப்பு மெஷினுக்குத் தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும். வெளிக்கோடு ஒன்று, உட்கோடு ஒன்று, நடுவில் செதுக்க இடமே இல்லை என்று மென்பொருள் கணக்குப் போட்டு அந்தப் புள்ளியைத் தாண்டிப் போய்விட்டது. செதுக்குவதற்கு முன் ஒரு மாதிரிப் படம் வரும். அன்று கரண்ட் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் வந்தது, அதை நான் சரியாகப் பார்க்கவில்லை.

நீங்கள் அனுப்புகிற டிசைனை மெஷினுக்கு ஏற்றபடி திருத்துவதுதான் ஃபைல் வேலை. முன்பெல்லாம் இதைப் பார்த்துக்கொண்டவன் நம் கடைத் தம்பி. காதில் இயர்போனோடு மூலையில் உட்கார்ந்திருப்பானே, அவன்தான். நீங்கள் எதை அனுப்பினாலும் முணுமுணுக்காமல் சரி செய்து வைப்பான். இப்போது தாய்லாந்தில் இருக்கிறான். ஏன் போனான் என்று நான் எழுத வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலும் அப்படிப் போன பிள்ளை ஒன்று இருக்கும். அவன் போன பிறகுதான் அவன் எவ்வளவு வேலையைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறான் என்று எனக்கே தெரிந்தது.

போன வாரம் ஒரு ஃபைல் வந்தது. போனில் எடுத்த படத்தை ட்ரேஸ் செய்தது, அதாவது கணினியே தானாகக் கோடாக்கியது. ஒரு ‘அ’வில் மட்டும் நானூறுக்கு மேல் நோடு, அதாவது கோட்டைப் பிடித்து வளைக்கிற முனை. ஒவ்வொரு நோடும் மெஷினுக்கு ஒரு திருப்பம். திருப்பத்துக்குத் திருப்பம் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் போனால், மரத்தைச் செதுக்குகிற அலகான பிட் ஒரே இடத்தில் உரசித் தேக்கு கருகுகிறது, வளைவு ரம்பப் பல் மாதிரி வருகிறது. உட்கார்ந்து முப்பது நோடுக்குக் கொண்டுவந்தேன். ஒரே எழுத்துக்கு முக்கால் மணி நேரம். பர்மிய எழுத்து இன்னும் மோசம். அழகே அந்த வட்டத்தில்தான் இருக்கிறது, ட்ரேஸ் செய்தால் வட்டமெல்லாம் உருளைக்கிழங்காகிவிடும்.

சில ஃபைல்களில் கோடு முடிகிற இடத்தில் மயிரிழை இடைவெளி இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். வேலி ஓரிடத்தில் திறந்திருந்தால் மாட்டுக்கு எது நம் வயல், எது பக்கத்து வயல்? மென்பொருளும் அப்படித்தான், எது எழுத்தின் உள்ளே, எது வெளியே என்று தெரியாமல் நிற்கும். ஒரு கோவில் பலகை அங்குலக் கணக்கில் வரைந்து வந்தது. நம் மெஷின் மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டது. இரண்டடிப் பலகை 24 மில்லிமீட்டராகி, திரையில் கட்டைவிரல் அளவுக்கு வந்து நின்றது. அன்று மட்டும் சிரித்தேன்.

மெல்லிய கோடு கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்துக்கு நாங்கள் போடுவது 90 டிகிரி வி பிட், ஆங்கில ‘வி’ மாதிரி நுனி கூரானது. கோட்டின் அகலம் எவ்வளவோ, அதில் பாதிதான் ஆழம். 4 மில்லிமீட்டர் புள்ளி 2 மில்லிமீட்டர் இறங்கும். அரை மில்லிமீட்டர் கோடு கால் மில்லிமீட்டர்தான் இறங்கும், பாலிஷுக்குத் தேய்க்கும்போது கோடும் தூளோடு போய்விடும்.

இதையெல்லாம் இதுவரை இலவசமாகத்தான் செய்தோம். இனி முடியவில்லை. கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் ஒரு பலகை முடிய வேண்டும். பாதியில் நின்றால் பிட் மரத்துக்குள் மாட்டிக்கொள்ளும், மறுபடி அதே இடத்தைப் பிடிப்பது பெரும்பாடு. ஜெனரேட்டர் போட்டால் டீசல். தேக்கில் இருக்கிற சிலிக்காவால் பிட் வேறு சீக்கிரம் மழுங்குகிறது, புது பிட் விலையைக் கேட்டால் உட்கார்ந்துவிடுவீர்கள். அதனால் வருகிற 1-ஆம் தேதி முதல், அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிற ஃபைல் வேலைக்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம். ஏற்கெனவே ஆர்டர் கொடுத்து இன்னும் செதுக்காத பலகைகளுக்கும் இதுதான்.

கட்டணம் வராமல் இருக்க வழி இருக்கிறது. டிசைன் வரைகிற மென்பொருள் கோரல் டிராவோ வேறு எதுவோ, அனுப்பும் முன் எழுத்தைக் கோடாக மாற்றிவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் எழுத்துரு எங்கள் கணினியில் இருக்காது, ‘கொ’ உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கும். பர்மியத்தில் ஸோஜி என்கிற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்கள் இன்னும் வருகின்றன. 2019 அக்டோபரில் நாடே பொது முறையான யூனிகோடுக்கு மாறியாயிற்று, ஃபைல்கள்தான் மாறவில்லை. அப்புறம், செதுக்க வேண்டிய வாசகத்தைக் கையால் தாளில் எழுதி, அதன் படத்தையும் அனுப்புங்கள். அதை வைத்துப் புள்ளி எண்ணிக்கொள்வேன். மாதிரிப் படம் உங்களுக்கு வரும், நீங்கள் ‘சரி’ என்று பதில் போட்ட பிறகுதான் மெஷின் ஓடும்.

படம் சுற்றிய அன்றே போன் செய்து, ‘மண்டபத்துப் பலகை உன்னிடம்தான் தம்பி’ என்று சொன்ன கோவில் கமிட்டி ஐயாவுக்கும், ஒன்றும் கேட்காமல் கல்யாண ஆர்டரை அப்படியே விட்டு வைத்த அம்மாவுக்கும், அப்பா காலத்திலிருந்து இந்தப் படி ஏறி வருகிற எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் இருக்கிற தைரியத்தில்தான் காலையில் கடையைத் திறக்கிறேன்.

அந்தப் பழைய பலகை கடையில்தான் மாட்டியிருக்கிறது. விடுபட்ட புள்ளியை உளியால் நானே வெட்டினேன். கொஞ்சம் கோணல்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரன்

பி.கு.: கரண்ட் அட்டவணை மாறினால் கடை வாசலில் எழுதிப் போடுகிறேன். ராத்திரி போன் செய்யாதீர்கள், மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. மெசேஜ் போடுங்கள்.