ஊதா ஒளியைப் பற்றி முரளிக்கு

அன்புள்ள முரளி,

அப்பாவுக்கு மறுபடியும் நிமோனியா வந்து, இப்போதுதான் தேறி வருகிறார் என்று படித்ததும் மனம் கனத்துப் போனது. அவர் அறைக்குப் 'பிளாஸ்மா' காற்றுச் சுத்திகரிப்பான், அதாவது மின்சாரத்தால் காற்றை ஒளிரவைத்துக் கிருமியைக் கொல்லும் கருவி, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அன்றாடம் நான் கைவைக்கும் விஷயம் என்பதால் ஒரு வரியில் பதில் எழுத மனமில்லை.

ஆய்வகத்தில் விளக்கை அணைத்துவிட்டு எங்கள் பிளாஸ்மா கருவியைப் போட்டால், குழாயில் அடைத்த கண்ணாடி மணிகளின் இடுக்கெல்லாம் ஊதா ஒளி நூல் நூலாகத் துடிக்கும். மெல்லிய சீறல் கேட்கும். எலக்ட்ரான்கள் அங்கே பல்லாயிரம் டிகிரி வெப்பத்தில் பறக்கின்றன. காற்றோ ஏறக்குறைய அறை வெப்பத்திலேயே இருக்கிறது. எலக்ட்ரான் அவ்வளவு இலேசானது, மோதினாலும் மூலக்கூற்றைச் சூடேற்ற அதனால் ஆவதில்லை. உடைக்க மட்டும் முடிகிறது. அப்படி உடைந்து பிறக்கும் ஆக்சிஜன் அணுக்களும், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் துணுக்குகளும் பாக்டீரியாவின் சவ்வை அரித்துவிடுகின்றன. வடிகட்டி கிருமியைப் பிடித்து வைக்கும், இது கொல்லும். நான் இந்த வேலையை விடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

வேகத்தைக் கேள். 2007இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சோதனையில், ஈ.கோலை பாக்டீரியா கலந்த காற்று மின்சாரம் பாய்ந்து ஒளிரும் பகுதியைக் கடக்க எடுத்துக்கொண்டது ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. அந்த ஒரே கடப்பில், ஊட்டக்கூழ்த் தட்டில் வளரக்கூடிய பாக்டீரியா ஏறத்தாழ 97 சதவீதம் குறைந்தது.

'வளரக்கூடிய' என்ற சொல்லில்தான் எனக்குப் பாடம் கிடைத்தது. கருவிக்கு முன்னால் காற்றைப் பிடித்த அகர் (ஊட்டக்கூழ்) தட்டில் பாக்டீரியாக் காலனிகள் எண்ண முடியாமல் மொய்த்திருந்தன. பின்னால் பிடித்ததில் மூன்றே மூன்று. துள்ளிக் குதித்தேன். என் மூத்தவர் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மற்றவை செத்தனவா, உயிரோடு இருந்தும் வளராமல் கிடக்கின்றனவா, மணிகளில் ஒட்டிக்கொண்டனவா?" என்று கேட்டார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதே காற்றை அதே குழாய் வழியாக மறுபடியும் ஓட்டினோம். ஒட்டிக்கொண்டதன் பங்கும் கணிசமாகவே இருந்தது. அன்றிலிருந்து, அணைத்த நிலையில் எடுத்த கணக்கைக் காட்டாத எந்த சதவீதத்தையும் நான் நம்புவதில்லை.

அதைவிட எனக்குப் பயம் ஓசோன், இந்த ஒளியில் ஆக்சிஜனிலிருந்தே பிறந்து நுரையீரலை உறுத்தும் வாயு. 1857இல் ஜெர்மன் பொறியாளர் வெர்னர் சீமென்ஸ் ஓசோன் தயாரிக்கவே அமைத்த ஏற்பாட்டைத்தான் இன்று நாங்கள் கிருமியைக் கொல்லப் பயன்படுத்துகிறோம். இடி மின்னலுக்குப் பின் வருமே, அந்தக் கார வாசனை. காற்றில் ஓசோனுக்கு அமெரிக்கப் பணியிட வரம்பு, எட்டு மணிநேரச் சராசரியாகப் பத்து லட்சத்தில் 0.1 பங்கு. திடமான தொழிலாளிக்கே அவ்வளவுதான் என்றால் அப்பாவின் நுரையீரல் என்ன ஆகும்? நாங்கள் குழாய் முனையில் மாங்கனீசு டை ஆக்சைடு வைத்து ஓசோனைச் சிதைக்கிறோம். அதற்குப் பிறகும் அளவுமானி இல்லாமல் அந்தக் காற்றருகில் நிற்பதில்லை.

ஆகையால் இப்போது வாங்காதே. அறையின் அளவுக்கு ஏற்ற சாதாரண ஹெப்பா வடிகட்டி, அதாவது நுண்துகளையும் பிடிக்கும் அடர்த்தியான வடிகட்டி, போதும். பகலில் ஜன்னலைத் திறந்து வை, இருமலோடு வருபவர்களை வாசலிலேயே நிறுத்திவிடு. நீ பார்த்த கருவியின் விவரத் தாள் ஏதும் இருந்தால் அனுப்பு. ஓசோன் எண்ணை முதலில் தேடிப் பார்க்கிறேன்.

அடுத்த மாதம் ஈரக் காற்றில் சோதனை தொடங்குகிறது. முடிவு வந்ததும் எழுதுகிறேன். அப்பா இரவில் தூங்குகிறாரா? அதையும் எழுது.

அன்புடன்,
சேகர்