2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அவர்களிடம் பிறகு வருகிறேன்.

கணினியைத் தண்ணீரால் குளிரவைக்கும் ஆர்வலர்களான நம் சங்கத்தில் இந்த ஆண்டு மாதக் கூட்டங்கள் பத்து நடந்தன. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலால் ஒன்று நின்றது. இன்னொன்றுக்கு நானும் வாட்ச்மேனும் மட்டுமே வந்திருந்தோம். கணினிச் சாமான்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குக் கூட்டாகச் சென்று குழாய்களும் வாஷர்களும் மொத்த விலையில் வாங்கினோம். ஆயுத பூஜை சிறப்பாக நடந்தது. ரேடியேட்டர் விசிறியில் சந்தனம் தெளித்தவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை.

இனி, ஈரம் நீக்கும் கருவி. செயலாளர் சங்கப் பணத்தில் தனக்கொரு விளையாட்டுச் சாமான் வாங்கிக்கொண்டார் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தண்ணீரால் குளிரும் கணினி தானாக வியர்ப்பதில்லை. ரேடியேட்டரும் விசிறியும் மட்டும் இருந்தால், தண்ணீர் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக முடியாது. அதைப் பனிப்புள்ளிக்கு, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே கொண்டுபோகிறவர்கள் நாம்தான். ஆவணியில் நம் உறுப்பினர் ஒருவர் கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து மீன்தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் ஒன்றை வாங்கிவந்து, தண்ணீரை 15 டிகிரியில் வைத்தார். மழை விட்ட மாலை. அறையில் 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். பனிப்புள்ளி 25 டிகிரி. கால் மணி நேரத்தில் குழாய் முழுவதும், மோர் டம்ளரின் வெளிப்புறம் போல, முத்து முத்தாக நீர் கோத்தது. மேலே தெரிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு அவர் வெற்றிப் புன்னகை செய்தார். மதர்போர்டைக் கழற்றிப் பார்த்தால், பிராசசருக்கு நேர் பின்புறம், துணி எட்டாத இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். வியர்த்த நீர் தனியாக இருந்தால் மின்சாரத்தை அதிகம் கடத்தாதுதான். நம் ஊர் தூசியும் கடற்காற்றின் உப்பும் அதில் கரைந்த பிறகு கதையே வேறு. சில்லர் வேண்டுமென்றால், பிராசசர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் செம்புப் பிளாக்கைச் சுற்றியும் பலகையின் பின்புறமும் காற்று புகாதபடி நுரை ரப்பர் ஒட்ட வேண்டும் என்று அன்றே சொன்னேன். கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

புரட்டாசியில் நடந்தது இதைவிட மோசம். அதில் சில்லரே இல்லை. இரவு முழுவதும் ஏசி 20 டிகிரியில் ஓடியது. சங்கக் கணினி வேலையை முடித்து அணைந்து, ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீருடன் குளிர்ந்து கிடந்தது. காலையில் வந்தவர்கள் ஏசியை நிறுத்திவிட்டு, நல்ல காற்று வரட்டும் என்று நான்கு ஜன்னல்களையும் திறந்தார்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடி மங்குகிறதே, அதுவேதான் செம்புப் பிளாக்கிலும் நடந்தது. யாரோ சுவிட்சைப் போட்டார்கள். கிராபிக்ஸ் கார்டு போயிற்று. யார் என்பது எனக்குத் தெரியும்; அவர் பெயர் சந்தா பாக்கிப் பட்டியலிலும் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கணினிக் கூடங்களுக்கு அமெரிக்காவின் ஆஷ்ரே என்ற குளிர்சாதனப் பொறியாளர் அமைப்பு பரிந்துரைக்கும் பனிப்புள்ளியின் உச்சவரம்பு 15 டிகிரி. சென்னையில் கதவைத் திறந்தால் 25. இந்தப் பத்து டிகிரிக்காகத்தான் அந்தக் கருவி. ஏசியை நிறுத்திய பின் ஜன்னலைச் சாத்தி வைத்து, உலோகம் அறைச் சூட்டுக்கு வரும்வரை இதை ஓட்ட வேண்டும். அறை புழுங்குகிறது என்று புகார். ஆம், கருவி சற்றுச் சூட்டைக் கக்கும். உலோகம் சீக்கிரம் சூடாவதற்கு அதுவும் நல்லதே. ஜன்னலைத் திறந்து வைத்து இதை ஓட்டினால் வங்காள விரிகுடாவையே உலர்த்தப் பார்க்கும். இதை எழுதி ஜன்னலருகே மாட்டினேன். அதன் ஆணியில் யாரோ நனைந்த குடையை மாட்டியிருந்தார்கள்.

கருவியின் வாளித் தண்ணீரைக் கணினிக்கு ஊற்றலாமா என்று கேட்டார்கள். ஏசி தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற வீடுகள் உண்டு. அதையும் நான் ஆதரிக்கவில்லை. கருவிக்குள் இருக்கும் குளிர்க் குழாய்ச் சுருளின் அழுக்கும் கிருமியும் அதில் இருக்கும். துளசிச் செடிக்கு ஊற்றுகிறேன். திறந்த கேபினெட்டுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுகிறவர்களிடம் வாதிட எனக்குத் தெம்பில்லை.

வாசலில் ஓர் அட்டை மாட்டியிருக்கிறேன். நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, ஐந்தால் வகுத்து, வருவதை அறை வெப்பத்திலிருந்து கழித்தால் பனிப்புள்ளி. ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை இந்தக் கணக்கு போதும். நம் ஊரில் பெரும்பாலும் போதும். தண்ணீர் அதைவிட இரண்டு மூன்று டிகிரி மேலேயே இருக்கட்டும்.

வரவு செலவைப் பொருளாளர் பார்த்துவிட்டார். பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. சில ரசீதுகள் மழையில் நனைந்து எழுத்து கலைந்துவிட்டன. கருவியின் ரசீது பத்திரமாக இருக்கிறது. அதன் விலையில் ஒரு பங்கு என் கைப்பணம் என்பதை, திருப்பிக் கேட்பதற்காக அல்லாமல், பதிவுக்காகச் சொல்கிறேன்.

உறுப்பினர்கள் 46 பேர். ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய். முழுதாகக் கட்டியவர்கள் 19. கருவி வாங்கியது தவறு என்று முழங்கிய ஐவரில் கட்டியவர் ஒருவர். அவருக்கு என் மனமார்ந்த நன்றி. அறை தந்த வீட்டு உரிமையாளருக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும் வாட்ச்மேனுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் அறை வாடகை உயர்கிறது. கருகிய கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்று இன்னும் வாங்கவில்லை. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்றால் மகிழ்ச்சியோடு விலகுகிறேன். தினமும் காலை ஏழு மணிக்கு வந்து வாளியைக் காலி செய்ய அவர் தயாராக இருக்க வேண்டும். ரசீதுப் புத்தகம் தேநீர் பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூட்டம் முடியும்வரை நானும் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்