சத்தியமங்கலம் வட்டார இசை ரசிகர்கள்: செயலாளரின் 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

போன வருட அறிக்கை பதினாலு பக்கம். பாதியிலேயே கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பலர் எழுந்து போனது எனக்கு நினைவிருக்கிறது. அதனால் இந்த முறை நம் ராஜா சாரின், அதாவது இளையராஜாவின், கோவைக் கச்சேரியை மட்டும் கொஞ்சம் விரித்து எழுதிவிட்டு, மற்றதையெல்லாம் வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் 57 பேர் இருந்தோம். புதிதாக 9 பேர் சேர்ந்தார்கள், 3 பேர் வெளியூர் போய்விட்டார்கள். ஆக இப்போது 63 பேர். புதியவர்களில் நான்கு பேர் கல்லூரிப் பிள்ளைகள். டிக்கெட் கிடைக்கும் என்று நம்பித்தான் சேர்ந்தார்கள் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பரவாயில்லை, அந்த டிக்கெட்டை எடுத்துக் கொடுத்ததே அவர்கள்தான். வழக்கம்போல் பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் (தீமிதி) திருவிழாவை ஒட்டிக் கூட்டம் எதுவும் நடத்தவில்லை.

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் ராஜா சாரின் ‘வேலியண்ட்’ சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. அங்கே மாலை, நமக்கு நள்ளிரவு. டெய்லர் கடை மாடியில் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். நேரலை எதுவும் கிடையாது, கூடியிருந்து என்ன செய்யப் போகிறோம் என்று வீட்டில் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. உறுப்பினர் ஒருவரின் தங்கை மகன் லண்டனில் வேலையில் இருக்கிறார். அவர் அரங்கத்துக்கு வெளியே வந்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜை, முக்கால்வாசியும் கார் ஹாரன் சத்தம்தான், நாலு தடவை போட்டுக் கேட்டோம். “மாமா, எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டறாங்க” என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன மனுசன் என்று சொல்லத் தொடங்கிய தலைவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் கோவைக் கச்சேரி பற்றிய செய்தி வந்தது. வாட்ஸ்அப் குழுவில் அன்று ஒரே நாளில் வந்த செய்திகளைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. செயற்குழு கூடிய உடனே எடுத்த முடிவு ஒன்றுதான்: சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வரக் கூடாது, கேட்டுப் பழகிக்கொண்டு போக வேண்டும். ஞாயிறு தோறும் டெய்லர் கடை மாடியில் ஐந்து பாட்டு. ஒவ்வொரு பாட்டும் மூன்று தடவை. முதல் தடவை நம் இஷ்டத்துக்கு. இரண்டாம் தடவை பேஸ் கிட்டாரையும் தாளத்தையும் மட்டும். மூன்றாம் தடவை இடையிசையில் வயலின், புல்லாங்குழல் என்ன செய்கின்றன என்று மட்டும். இதைச் சொன்னபோது, “பாட்டுக் கேக்கறதுக்குக் கூட ட்யூசனுங்களா?” என்று கேட்டவர்தான் பதினோரு ஞாயிறும் தவறாமல் வந்தவர். பெயர் சொல்லவில்லை, இரண்டாம் வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ரேடியோ கடை அண்ணன் தன் பழைய டேப் டெக்கைத் துடைத்து எடுத்து வந்தார். ஃபோனில் இல்லாத பாட்டா என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, டேப் ஹெட்டைத் துடைத்தார். பஞ்சு காப்பிப் பொடி நிறத்தில் வந்தது. அப்புறம் எக்கோ கம்பெனி கேசட் ஒன்றைப் போட்டார். சத்தம் கம்பளியைப் போர்த்தியது போல் மந்தமாக இருந்தது. சின்ன ஸ்குரூ டிரைவரால் ஹெட் பக்கத்திலிருந்த திருகை ஒரு மயிரிழை திருப்பினார், போர்வை விலகியது. பின்னால் இருந்த சலங்கைச் சத்தம் அந்தக் கணத்தில்தான் எங்களுக்குக் கேட்டது. அதுவரை ஃபோனில் கேட்டதையெல்லாம் பிள்ளைகள் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், அது வேறு தொல்லை.

நம் உறுப்பினரான நாதஸ்வர வித்வான் ஒரு ஞாயிறு முழுக்க ஒரே பாட்டை எடுத்துக்கொண்டார். 1985இல் வந்த ‘சிந்து பைரவி’யில் ஜேசுதாஸ் பாடிய ‘கலைவாணியே’, கல்யாணி ராகம். அந்தப் படத்துக்கு ராஜா சாருக்குத் தேசிய விருது கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பாட்டு முழுக்கச் சுரங்கள் மேலே ஏறும் ஆரோகணம் மட்டும்தான், கீழே இறங்கும் அவரோகணமே கிடையாது என்பது நம்மில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது. வித்வான் காற்றில் ஏணிப்படி ஏறுவதைப் போல் விரலை வைத்துக் காட்டினார். “ஏறிட்டே இருக்காருங்க. கீழ வர்ற மாதிரி நமக்குத் தோணும், ஆனா மறுபடி கீழிருந்துதான் ஏறுவாருங்க.” இருபத்தைந்து வருடம் கேட்ட பாட்டில் இப்படி ஒரு விஷயம் ஒளிந்திருந்ததே என்று எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

ஏழாவது ஞாயிறு காற்றும் மழையும் சேர்ந்து, பாட்டு பல்லவியைத் தாண்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது. தன் முதல் படமான ‘அன்னக்கிளி’யின் முதல் பாட்டு ரெக்கார்டிங் தொடங்கும்போதும் கரண்ட் போனதை ராஜா சாரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். “அப்ப நல்ல சகுனம்தானுங்க” என்று யாரோ இருட்டில் சொல்ல, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரம் பேச்சு ஓடியது. அன்று தேநீர்ச் செலவு மட்டும் இரண்டு மடங்கு.

டிக்கெட் விவகாரத்துக்கு வருகிறேன். 38 பேர் வருவதாகச் சொன்னார்கள். டிக்கெட் திறந்த நிமிடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் நால்வரும் நாலு ஃபோனோடு உட்கார்ந்தார்கள். பணம் போனது, டிக்கெட் வரவில்லை. மறுபடி கட்டினார்கள், டிக்கெட் வந்தது, முதலில் போன பணம் வரவில்லை. அது திரும்பி வர பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் பொருளாளர் என்னோடு சரியாகப் பேசவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். கடைசியில் கிடைத்தது 31. ஏழு பேரை எப்படிக் கழிப்பது? டீக்கடைப் பாப்பாவை விட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னோம். கழிந்த ஏழில் முதல் பெயர் நம் தலைவர் பெயர். முகத்தில் எதையும் காட்டாமல், “சரி, விடுங்க” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து போனார்.

ஆனால் நம் ஊரின் மல்லிகைப்பூ அவரைக் காப்பாற்றியது. கச்சேரிக்கு மறுநாள் முகூர்த்தம். விலை ஏறும் நாளில் பூ மார்க்கெட் ஏலத்தை விட்டுவிட்டு எந்த வியாபாரியும் ஊரை விட்டு நகர மாட்டார். டிக்கெட் கிடைத்திருந்த பூக்கடை உறுப்பினர் காலையிலேயே தலைவர் வீட்டுக்குப் போய் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு முழம் மல்லியும். அதை வேனின் கண்ணாடியில் தொங்கவிட்டோம், கோவை போய்ச் சேரும்வரை வாசம் இருந்தது.

இரண்டு வேன். புளியம்பட்டியில் எழுபத்தாறு வயது அப்பத்தா ஒருவர் ஏறிக்கொண்டார், அவர் பேரனின் டிக்கெட்டில். அன்னூரில் டீ. வழியெல்லாம் யாரும் பாட்டுப் போடக் கூடாது என்று ரேடியோ கடை அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காது களைத்துவிடுமாம். சரவணம்பட்டியில் நெரிசலில் நின்றபோது பக்கத்தில் நின்ற தனியார் பஸ்ஸிலிருந்து ராஜா பாட்டு வந்தது, அதற்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இனி குறை. டிக்கெட்டில் வரிசை எழுத்தும் நாற்காலி எண்ணும் அச்சாகியிருந்தன. மைதானத்தில் நாற்காலிகள் இருந்தன, எண்கள் இல்லை. எங்கள் வரிசை என்று காட்டப்பட்ட இடத்தில் ஏற்கெனவே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் கையிலும் டிக்கெட் இருந்தது. “ஏனுங்க செயலாளரே, நம்ம சேர் எங்கீங்க?” என்று ஆளாளுக்குக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பத்தாவுக்கு ஒரு நாற்காலி வாங்க அரை மணி நேரம் ஆனது. நான்கு பேர் கடைசிவரை நின்றே கேட்டார்கள். குடிநீர் வைத்திருந்த இடத்தைக் கண்டுபிடித்தபோது கச்சேரி பாதி முடிந்திருந்தது. ஏற்பாட்டாளர்களுக்குப் படங்களோடு கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. இரண்டாவது கடிதமும் போயிருக்கிறது.

ஆனாலும் கச்சேரி கச்சேரிதான். மேடையில் வயலின்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவர் முன்னாலும் நோட்ஸ் ஸ்டாண்ட். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்ட நாளிலிருந்து ராஜா சார் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுப்பவர் என்று படித்திருக்கிறோம். அதைக் கண்ணால் பார்ப்பது வேறு. பெரிய திரையில் ஒரு கணம் காட்டினார்கள்: ஒரு வரிசை முழுக்கக் கைகள் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திருப்பின, வில் மறுபடி நரம்பில் உட்கார்ந்தது. தொழிலில் இருக்கிற நம் டெய்லர் அண்ணன், “அளவு எடுத்து வெட்டின துணிங்க” என்றார். இதைவிடச் சரியாக நான் எழுதிவிட முடியாது.

ஆறாவது ஞாயிறு மூன்று தடவை கேட்ட பாட்டு வந்தது. இரண்டாவது இடையிசை நெருங்கும்போது ரேடியோ கடை அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். பேஸ் கிட்டார் மட்டும் தனியாக இறங்கி ஒரு சுற்றுப் போய்விட்டு வரும் இடம் அது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் அடுத்த சரணத்துக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் 31 பேர் மட்டும், அங்கங்கே பிரிந்து உட்கார்ந்தும் நின்றும் இருந்தவர்கள், அந்த ஒரு சுற்றுக்குக் கை தட்டினோம். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மணிக்கட்டில் விரல் தடம் மறுநாள்வரை இருந்தது.

கூடப் பாடலாமா கூடாதா என்ற பிரச்சினையையும் சொல்லியாக வேண்டும். நமக்கு முன்னால் நின்ற இளைஞர் ஒருவர் எல்லாப் பாட்டையும் முழுத் தொண்டையில் பாடிக்கொண்டிருந்தார். நம் வித்வான் பொறுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, சித்தெ சும்மா இருங்க, பாடறதுக்கு மேடைல ஆள் இருக்காங்க” என்றார். “அவங்க பாடறது எனக்கும் கேக்குதுங்ண்ணா” என்று பணிவாகச் சொல்லிவிட்டு அந்தத் தம்பி அடுத்த அடியை எடுத்தார். திரும்பி வரும்போது அன்னூரிலிருந்து புளியம்பட்டி வரை முதல் வேனில் இதே வாதம்தான். காசு கொடுத்து வந்தது ஊரார் குரலைக் கேட்கவா என்று ஒரு கட்சி, வாயை மூடிக் கேட்க வீட்டிலேயே கேட்கலாமே என்று மறு கட்சி. இதைப் பற்றித் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று இரண்டு பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் என்ற முறையில் நான் கேட்கிற கட்சி. ஆனால் அப்பத்தா வேனை விட்டு இறங்கும்போது, “அந்தக் கடைசிப் பாட்டை நீயும்தான் கண்ணு பாடிட்டிருந்தே” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். எனக்கு நினைவில்லை.

செப்டம்பர் 13ஆம் தேதி சென்னையில் தமிழ்நாடு அரசு நடத்திய ராஜா சாரின் திரையிசைப் பொன்விழாப் பாராட்டு விழாவுக்கு யாரும் போகவில்லை. டிவியில் பார்த்தோம்.

கணக்கு விவரம் பொருளாளர் தனியாக வாசிப்பார். கையிருப்பு 4,180 ரூபாய். இந்த ஆண்டின் பெரிய செலவு தேநீர். டேப் டெக்கின் பெல்ட் தேய்ந்துவிட்டது, புதிது வாங்க ஒப்புதல் வேண்டும். சந்தா பாக்கி வைத்திருக்கும் பதினோரு பேரின் பெயரை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் விடுகிறேன்.

வரும் ஆண்டுக்கு ஒன்றே ஒன்று. 2026 மே 14ஆம் தேதி ‘அன்னக்கிளி’ வெளிவந்து ஐம்பது வருடம். அந்தப் படம் எடுக்கப்பட்ட தெங்குமரஹாடா நமக்குப் பக்கத்தில்தான், பவானிசாகரைத் தாண்டிக் காட்டுவழி போய், மாயாற்றைப் பரிசலில் கடந்தால் ஊர். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் சிறுவனாக இருந்தபோது அங்கே ஷூட்டிங் பார்த்தவர். சிவகுமாரையும் சுஜாதாவையும் பார்த்தாராம். “பாட்டுப் போட்டது யாருன்னு அன்னிக்கு யாருக்குத் தெரியுமுங்க?” என்கிறார். அவரை முன்னால் விட்டு ஒரு முறை போய் வரலாம் என்று செயற்குழு நினைக்கிறது. புலிகள் காப்பகத்துக்குள் போகிற வழி, வனத்துறை அனுமதி இல்லாமல் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது. வருகிறவர்கள் ஆதார் நகலோடு பெயரைப் பொருளாளரிடம் கொடுங்கள். பரிசல் ஏற பயப்படுகிறவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள். காட்டுக்குள் ஸ்பீக்கர், டேப் டெக் எதுவும் எடுத்து வரக் கூடாது, பாட்டுப் போடவும் கூடாது. கூடப் பாடும் கட்சிக்கும் இது பொருந்தும்.

இப்படிக்கு,
செயலாளர்